மூன்று மாதத்துக்கு மட்டும்

லண்டனில் இப்போது நான் இருக்கும் தெருமுனையில் போர்த்துக்கேயர் ஒருவர் நடத்தும் மளிகைக்கடை உண்டு. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார். போன கிழமை மழைக்கு அங்கே ஒதுங்கினேன். அந்த உப்பு வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், சவுதாம்ப்டன் துறைமுகத்தை அடுத்த நோர்தம் பகுதியில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பும் பக்கத்து வீட்டுக் குசினியும் அமாமாவின் முகமும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துவிட்டன. கையில் எடுத்த மீனைக் கீழே வைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அமாமா எங்கள் இரத்த உறவு இல்லை. ஸ்பெயினின் வடகரையில், பில்பாவோ துறைமுகத்தை ஒட்டிய சாந்துர்சி என்ற மீன்பிடி ஊரில் பிறந்த பாஸ்க் பெண். அவருடைய பேரப்பிள்ளைகள் பாட்டியை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர்களோடு விளையாடித் திரிந்த நானும் தங்கச்சியும் அதையே பிடித்துக்கொண்டோம். கடைசியில் என் அம்மாவும் அமாமா என்றே அழைக்கத் தொடங்கினார். அமாமாவோ எங்கள் வீட்டில் கேட்டுப் பழகி என்னைத் ‘தம்பி’ என்பார், அம்மாவைப் ‘பிள்ளை’ என்பார்.

நோர்தம் இட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரயில் பாதை. இன்று செயின்ட் மேரீஸ் விளையாட்டரங்கு நிற்கும் இடம் அன்று எரிவாயு ஆலையின் நிலம். கப்பலில் கரி அள்ளியவர்கள், மூட்டை இறக்கியவர்கள், மாலுமிகள், அவர்களுடைய விதவைகள் என்று தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளின் பகுதி அது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது சவுதாம்ப்டன்காரர்கள் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கப்பல் தொழிலாளிகள். நோர்தத்தில் தெருத் தெருவாகச் சாவு வீடுகள். நாங்கள் போய்ச் சேர்ந்த 80களில் பயணக் கப்பல்களின் காலம் முடிந்திருந்தது. கொள்கலன்கள் வந்து இறங்கின. ஆட்களுக்கு வேலை குறைந்துவிட்டது.

இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு அப்பா முதலில் வந்தார். பின்னால் அம்மாவும் நாங்களும். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் அவர் தூங்க வேண்டும் என்பதால் நானும் தங்கச்சியும் சத்தம் போடாமல் படிக்கட்டிலேயே விளையாடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கருவாட்டை அம்மா ஒருநாள் பொரித்தார். வாசம் கட்டடம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு கிழமை கழித்து வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது: அண்டை வீட்டாரிடமிருந்து நாற்றம் குறித்து முறைப்பாடு. அந்தக் கடிதத்தை நான்தான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மிச்சக் கருவாட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பை போட்டுக் கட்டி, அலுமாரியின் அடியில் வைத்தார்.

அடுத்த நாள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பக்கத்து வீட்டுப் பெண்மணி. அறுபதுக்குக் கொஞ்சம் குறைந்த வயது, கட்டையான உருவம், நரைத்த தலையை இறுக்கிப் பின்னால் கட்டியிருந்தார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அண்டைக்குப் பொரிச்சது என்ன மீன் என்று உன்ர அம்மாவைக் கேள்.”

அம்மா மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஏதோ தொடங்கினார். அவர் காது கொடுக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நாங்களும் பின்னாலே ஓடினோம். அவருடைய குசினித் தொட்டியில் ஒரு பெரிய பேசின். அதில் உப்புக் கொட் மீன் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து மணந்து பார்த்தார். பிறகு, இங்கிலாந்துக்கு வந்த நாள்முதல் நான் கேட்டிராத ஒரு சிரிப்பு அம்மாவிடமிருந்து வந்தது. அன்று பின்னேரமே அலுமாரி அடியில் இருந்த பை அவிழ்ந்தது.

அமாமாவின் கொட் மீன் சமையலைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். இரண்டு நாள் ஊறும். பலமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். மண் சட்டியில் ஒலிவ் எண்ணெய் ஊற்றி உள்ளிச் சீவலையும் காய்ந்த மிளகாயையும் பொன்னிறமாக்கி எடுத்துவிடுவார். மீனை அந்த எண்ணெயில் வைத்து, அடுப்பைக் குறைத்து, இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்து மெல்ல மெல்லச் சுழற்றுவார். கரண்டி படவே படாது. மீனிலிருந்து கசியும் பசை எண்ணெயோடு சேர்ந்து, சும்மா இருந்த எண்ணெய் கட்டியான குழம்பாக மாறும். மாவும் இல்லை, பாலும் இல்லை. “கை நோகும்வரை ஆட்டவேணும் பிள்ளை, அவசரப்பட்டால் எண்ணெய் பிரிஞ்சிடும்” என்பார். முன்பெல்லாம் இந்த ஊரில் ஒலிவ் எண்ணெய் மருந்துக்கடையில்தான் கிடைக்குமாம், காதுக்கு விடுவதற்காகச் சின்னப் போத்தலில். புதிதாகக் கல்யாணமான நாட்களில் அந்தப் போத்தல்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துத்தான் ஒருமுறை மீன் சமைப்பாராம்.

அவருடைய கதை ஒரே இருப்பில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம் என்று வருடக்கணக்கில் துண்டு துண்டாக வந்தது. அதை நான் இங்கே ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

அவருடைய தாய் மத்தி மீன் விற்றவர். சாந்துர்சிப் பெண்கள் விடியும் முன்பே மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, நெர்வியோன் ஆற்றங்கரை வழியாகக் கூவிக்கொண்டே பில்பாவோவரை நடப்பார்கள். தகப்பன் பக்கத்து ஊர் இரும்பாலையில் வேலை. அந்தக் கரை முழுவதும் உலைகளும் கப்பல் கட்டும் தளங்களும்தான். வேலை தேடி ஸ்பெயினின் பல மூலைகளிலிருந்தும் ஏழைகள் வந்து குவிந்த இடம். அமாமா சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ச்சுகலேத்தேயில் இருக்கும் தொங்கு பாலத்தைப் பார்க்கக் கூட்டிப்போவார்களாம். 1893இல் கட்டிய பாலம். உயரத்தில் இரும்பு உத்தரம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு தொட்டில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். அடியில் கப்பல்கள் தடையில்லாமல் போய் வரும். அக்கரையில் பணக்காரர் வீடுகள். தொட்டிலில் போய்வரக் காசு வேண்டும் என்பதால் பெரும்பாலும் இக்கரையில் நின்று பார்த்ததோடு சரி என்றார்.

1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1937 வசந்தத்தில் கிளர்ச்சித் தளபதி ஃபிராங்கோவின் படை பில்பாவோவைக் கடலிலிருந்தும் தரையிலிருந்தும் நெருக்கியது. பாண் கறுத்தது, பிறகு அதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதம் ‘செவன் சீஸ் ஸ்ப்ரே’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் முற்றுகையை மீறி உணவோடு உள்ளே வந்தபோது ஆற்றின் இரு கரையிலும் சனம் திரண்டு நின்று அழுததாம். அமாமாவைத் தகப்பன் தோளில் தூக்கி வைத்திருந்தார். தகப்பனைப் பற்றி அவருக்கு மிஞ்சிய தெளிவான ஞாபகம் அந்தத் தோள்தான். சில நாட்களில், ஏப்ரல் 26ஆம் திகதி, சந்தை நாளில் கெர்னிகா ஊரை ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் எரித்து அழித்தன. அதன் பிறகு எந்தத் தாயும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கத் துணியவில்லை.

இப்படி வெளியே அனுப்ப இருந்த பிள்ளைகளை ஏற்க பிரிட்டன் முதலில் விரும்பவில்லை. ஸ்பெயின் போரில் தலையிடுவதில்லை என்பது அரசின் கொள்கை. இங்கத்தைய காலநிலை பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்றுகூடப் பிரதமர் பால்ட்வின் சொல்லிப் பார்த்தார். லியா மானிங் என்ற முன்னாள் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பில்பாவோவிலேயே இருந்துகொண்டு விடாப்பிடியாக வாதாடினார். கடைசியில் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு: அரசு ஒரு சதமும் தராது. ஒரு பிள்ளைக்குக் கிழமைக்குப் பத்து ஷில்லிங் பொதுமக்களிடமிருந்து திரட்டிக் காட்ட வேண்டும்.

மே 21ஆம் திகதி ‘ஹபானா’ கப்பல் சாந்துர்சித் துறையிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 4,000 பிள்ளைகள். கூட ஆசிரியைகள், உதவிப் பெண்கள், சில பாதிரிமார். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் அறுகோண அட்டை ஒன்று குத்தியிருந்தது, இலக்கத்தோடு. அமாமாவுக்கு வயது ஒன்பது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. தாய் கீழே நின்று சொன்னது ஒரே வாக்கியம்: மூன்று மாதத்துக்கு மட்டும். எல்லாத் தாய்மாரும் அதையேதான் சொன்னார்களாம். பிஸ்கே விரிகுடாவில் கடல் கொந்தளித்தது. கப்பலில் படுக்க இடமில்லை. தளத்திலும் நடைபாதையிலும் பிள்ளைகள் வாந்தியெடுத்தபடி சுருண்டு கிடந்தார்கள்.

சவுதாம்ப்டனில் இறங்கியபோது தெருவெல்லாம் தோரணம். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் முடிசூடிப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது; அலங்காரத்தை இன்னும் கழற்றியிருக்கவில்லை. பிள்ளைகள் தங்களை வரவேற்கத்தான் இப்படிச் சோடித்திருக்கிறார்கள் என்று நம்பினார்கள். அமாமா பல வருடம் அப்படியே நம்பினாராம். பின்னால் உண்மை தெரிந்தபோதும் அவருக்குக் கவலை வரவில்லை. “தோரணம் ராசாவுக்கு. ஆனால் தெருவில் நின்று கை அசைத்த சனம் எங்களுக்காகத்தான் நின்றது” என்றார்.

இறங்கியதும் வைத்தியப் பரிசோதனை. கையில் நிற நாடா கட்டுவார்கள். வெள்ளை என்றால் சுத்தம், சிவப்பு என்றால் பேன், நீலம் என்றால் தொற்றுநோய். அண்ணனுக்கு வெள்ளை, தங்கைக்குச் சிவப்பு. அவரைக் குளிப்பாட்டித் தலையை ஒட்ட வெட்டி முகாமுக்குக் கொண்டுபோனபோது இரவாகிவிட்டது. ஈஸ்ட்லியை அடுத்த நோர்த் ஸ்டோன்ஹாம் வயல்வெளியில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள். இரண்டு கிழமைக்குள் அதை எழுப்பியவர்கள் அக்கம்பக்கத்துச் சாரணர்களும், தொழிற்சங்கக்காரரும், குழாய் பொருத்துபவர்களும், மாணவர்களும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கிடையில் மொட்டைத் தலையோடு அண்ணனைத் தேடி நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் அவர் கை தானாகத் தலைக்குப் போகும். இரண்டாம் நாள் சாப்பாட்டு வரிசையில் அண்ணன்தான் இவரைக் கண்டுபிடித்தான். அவனுடைய சட்டைக்குள் நாலைந்து துண்டு வெள்ளைப் பாண். தங்கச்சிக்காகப் பதுக்கியது. வெள்ளைப் பாணைக் கண்டு எத்தனையோ மாதமாகிவிட்டதால் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் தலையணைக்கு அடியிலும் பாயின் கீழும் ஒளித்து வைத்தார்களாம். எங்கள் காலத்தில்கூட அமாமா வீட்டில் பாண் ஒரு துண்டும் குப்பைக்குப் போனதில்லை. காய்ந்த பாண் உள்ளிச் சூப்பில் விழும்.

முகாமுக்குப் பக்கத்திலேயே விமானத்தளம். தலைக்கு மேல் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சிதறி ஓடிக் கூடாரத்துக்குள் பதுங்குவார்கள். ஜூன் 19ஆம் திகதி பில்பாவோ வீழ்ந்தது. அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முகாம் முழுவதும் எழுந்த அழுகையைப் பற்றிச் சொல்ல அமாமா இரண்டொருமுறை தொடங்கினார், முடித்ததில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, அவர் நின்று பார்த்த தொங்கு பாலத்தின் உத்தரத்தைப் பின்வாங்கிய பாஸ்க் படையே தகர்த்து ஆற்றில் வீழ்த்தியிருந்தது.

பிறகு பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாக நாடு முழுவதும் பிரித்து அனுப்பினார்கள். பழைய மாளிகைகள், கன்னியர் மடங்கள், இரட்சணிய சேனை விடுதிகள் என்று தொண்ணூறுக்கு மேற்பட்ட இடங்கள். அவற்றை நடத்திய பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அமாமா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். சுரங்கத் தொழிலாளிகள், கப்பல் துறைக்காரர்கள், தையல் வேலைக்காரிகள் கிழமைக் கூலியில் கிள்ளிக் கொடுத்த பென்னிகள். பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைப் பாவாடையும் சிவப்பு நாடாவும் கட்டி ஊர் மண்டபங்களில் பாஸ்க் நடனம் ஆடித் தங்கள் சாப்பாட்டுக்குக் காசு சேர்த்தார்கள். அறுபது வயதில் குசினித் தரையில் எங்களுக்காக இரண்டு அடி வைத்துக் காட்டியிருக்கிறார். கால் தரையில் படும் சத்தமே கேட்காது.

எனக்கு அன்று இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிந்தது ஒரு விஷயம். ஹபானாவில் வந்த பையன்களில் இரண்டு பேர், ரைமுந்தோ லெசாமாவும் சபீனோ பரினாகாவும், சவுதாம்ப்டன் கழகத்தில் பந்தாடினார்கள் என்று அமாமா சொன்னார். லெசாமா பிறகு அத்லெடிக் பில்பாவோவின் கோல்காப்பாளர் ஆனார். பரினாகா ரியல் மாட்ரிட்டுக்குப் போய், 1947இல் அவர்களின் புதிய அரங்கில் முதல் கோலை அடித்தார். பள்ளிக்கூடத்தில் என்னை ‘அகதி’ என்று பழித்த பையனிடம் இதைச் சொன்னேன். அவன் வாயடைத்துப் போனதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்பிப் போனார்கள். அண்ணனும் போய்விட்டான். தகப்பன் போர்முனையில் இறந்திருந்தார். தாய் கடிதத்தில், ஒரு வாய்க்கே இங்கு வழியில்லை, நீ இரு என்று எழுதினாள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இப்படித் தங்கிப்போனவர்கள் ஏறத்தாழ 400 பேர். அந்தப் போரில் சவுதாம்ப்டனே குண்டுவீச்சில் எரிந்தது. வளர்ந்ததும் அமாமா கப்பல் துணிகளைச் சலவை செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னாபிரிக்கா போகும் யூனியன்-காசில் நிறுவனக் கப்பல் அன்று வியாழக்கிழமைதோறும் நாலு மணி தவறாமல் புறப்படும். அதற்குள் படுக்கை விரிப்புகள் மடித்துப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் அறிந்த காலத்திலும் வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவர் கை ஓயும். கதிரையில் போய் அமர்ந்து தேத்தண்ணி குடிப்பார். கப்பல் நின்று பத்து வருடமாகியிருந்தது.

நோர்தத்துத் துறைமுகத் தொழிலாளி ஒருவரைத்தான் கல்யாணம் செய்தார். மாமியார் டைட்டானிக்கில் தகப்பனை இழந்தவர். மருமகளை யாரும் அந்நியம் என்று சொல்ல அவர் விட்டதில்லையாம். ஊருக்கு முதல்முறையாகப் போனபோது அமாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. தாயிடம் பேச வார்த்தை தட்டுத் தடுமாறியது. தாய் பேசவில்லை, மகளின் தலையைத் தடவிப் பார்த்தாள். நீளமான முடி. இங்கிலாந்திலிருந்து வந்த முதல் படத்தில் மொட்டைத் தலையைப் பார்த்து அழுதவள்.

1987இல் நடந்ததையும் எழுதியாக வேண்டும். எங்கள் ஆட்கள் பலரைத் தஞ்சக் கோரிக்கையோடு ஹாரிச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணப் படகில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒக்டோபர் நடுவில் அடித்த பெரும் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து மிதந்து போய்த் தரைதட்டியது. செய்தியை அமாமா வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அமாமா எழுந்து தொலைக்காட்சியின் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

“எங்களைக் கூடாரத்தில் எண்டாலும் கரையில் இறக்கிச்சினம், பிள்ளை.”

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்தார். அதற்குள் அந்த அறுகோண அட்டையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஓரங்கள் மடிந்து, இலக்கம் மங்கியிருந்தது. அதற்குக் கீழே மடித்து வைத்திருந்த நோட்டுகளில் சிலவற்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அந்த ஆட்களுக்கு யார் காசு சேர்க்கிறார்களோ அவர்களிடம் சேர்த்துவிடச் சொன்னார். அப்பா மறுத்தார். “எனக்கு ஆரோ குடுத்த காசு இது, உங்கட காசு இல்லை” என்றார் அமாமா. வாங்காமல் இருக்க முடியவில்லை.

புயலுக்குப் பிறகு அந்தக் கப்பலில் இருந்தவர்களை வெளியே விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நிரந்தர அனுமதி வர இன்னும் பல வருடம் பிடித்தது. அமாமா இறந்தும் வருடங்களாகிவிட்டன. இறக்கும் முன்பு, சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் அந்தப் பிள்ளைகளின் வாய்மொழிகளைத் திரட்டுகிறது என்று கேள்விப்பட்டு நான் அவரிடம் சொன்னேன். சின்னச் சனத்தின் கதை யாருக்கு வேண்டும் என்று தள்ளிவிட்டார். பாஸ்க் பிள்ளைகளின் ஆவணங்களும் குரல்களும் இன்று அந்த நூலகத்தில் இருக்கின்றன. அமாமாவின் குரல் அதில் இல்லை.

எங்கள் பெற்றோர் இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தபோது இளையவர்கள். இப்போது அவர்களுக்கு எழுபது, எண்பது. எந்தக் கப்பலில், எந்த விமான நிலையத்தில், யார் கதவைத் திறந்தார்கள், யார் முதல் பாணைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் என் அம்மாவும் “அதில் என்ன இருக்கு” என்றுதான் தொடங்குகிறார். காய்கறி நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்கிறார். உங்கள் வீட்டிலும் இந்த வார இறுதியிலேயே கேளுங்கள், கைபேசியில் பதிந்து வையுங்கள்.